வழிகாட்டிகள் கணினியைத் தொடக் கூடாது

அசுன்சியோன் என்னும் தலைநகரத்தில் தேசிய மகளிர் இணையப் பாதுகாப்பு, மின்னறிவு மற்றும் இளந்தலைமுறை வழிகாட்டல் இயக்ககம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பில் தொடங்கி, மூலை திரும்பி, பக்கத்துத் தெருவில்தான் முடியும். பக்கத்துத் தெருவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் 'வழிகாட்டல் இயக்ககம்' என்ற கடைசித் துண்டை மட்டும் படித்துவிட்டு, உள்ளே வந்து வழி கேட்பார்கள். வழி சொல்வதற்கு அங்கே யாரையும் நியமிக்கவில்லை.

நில்சா இன்ஸ்ஃப்ரானுக்கு இந்த அலுவலகத்தோடு முன்பின் எந்த வம்பும் கிடையாது. சான் லொரென்ஸோவில் ஒரு சேமிப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் அவளுக்கு வேலை. எவனாவது கடவுச்சொல்லைத் திருடிக்கொண்டு சங்கத்தின் கணினிகளுக்குள் நுழைகிறானா, நுழைந்தால் எந்த வழியாக வந்தான், எதையெல்லாம் தொட்டான் என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. அவள் படித்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் வாத்தியார் அவளைப் பார்த்து, "காபியை அங்க வச்சிட்டுப் போம்மா" என்றார். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. அதனால் இளம்பெண்களுக்கு வழிகாட்டியாக வரும்படி இயக்ககத்திலிருந்து அழைப்பு வந்ததும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். நமக்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை, நாமாவது நாலு பேருக்குச் சொல்லித் தருவோம் என்று நினைத்தாள்.

வழிகாட்டிகளுக்கு முதலில் பயிற்சி என்றார்கள். பயிற்சி கொடுத்தவர் நெறிமுறை அதிகாரி வில்ஃப்ரிதோ. அதற்கு முன்னால் அவர் காலமான தளபதிகளின் இறுதி ஊர்வலங்களை நடத்திக்கொண்டிருந்தவர். அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. ஊதா நிறப் பட்டையை எந்தத் தோளில் போடுவது, மெழுகுவத்தியை நெஞ்சுக்கு நேராக எப்படிப் பிடிப்பது, அறிவின் சுடரை அடுத்த தலைமுறையின் கையில் எப்படி ஒப்படைப்பது என்று சனிக்கிழமை சனிக்கிழமையாக இலையுதிர் காலம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்.

"பொண்ணைப் பார்க்காதீங்க மேடம், கேமராவைப் பாருங்க. அறிவு போய்ச் சேர்றது நாலு பேருக்குத் தெரிய வேணாமா?"

நில்சா கையைத் தூக்கினாள். "கணினி எப்ப சார்?"

"என்ன கணினி?"

கணினிகள் இருந்தன. ஏதோ ஒரு தூதரகம் அன்பளிப்பாகக் கொடுத்தவை. கடைசி அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மந்திரி வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். வெட்டுவதற்குள் மந்திரி மாறிவிடுவார். புது மந்திரிக்குப் பழைய ரிப்பன் ஆகாது. இப்படியே வருடங்கள் போய், அறைக்கதவில் ஒரு பலகை மட்டும் நிலைத்துவிட்டது: 'வழிகாட்டிகள் கணினியைத் தொடக் கூடாது. மாணவிகள் தூரத்திலிருந்து பார்க்கலாம்.'

இயக்குநர் டாக்டர் பெர்லா ரெகால்தே. சட்டம் படித்தவர். அந்த ஊரில் சட்டம் படித்தவர்களெல்லாம் டாக்டர்கள்தான். இதற்கு முன்னால் ஆரஞ்சுத் திருவிழாவை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தின் தொடக்க விழாவில் அவர் மனம் திறந்து பேசினார்.

"எனக்குக் கணினி தெரியாது. இதை நான் பெருமையாத்தான் சொல்றேன். தெரிஞ்சவங்க எல்லாரும் பயந்து சாகறாங்க. அங்க ஆபத்து, இங்க ஓட்டைன்னு புலம்பறாங்க. எனக்குப் பயமே கிடையாது. நாட்டோட இணையப் பாதுகாப்பை மந்திரி என் கையில குடுத்ததுக்குக் காரணமே அதுதான்!"

எந்த இடத்தில் கை தட்டுவது என்று வில்ஃப்ரிதோ ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்ததால் அரங்கம் அதிர்ந்தது.

பிறகு பெண்கள் வந்தார்கள். லூக்கே, கப்பியாத்தா, இத்தாவ்குவா என்று சுற்றுப்பட்டு ஊர்களின் தொழிற்பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். இயக்ககத்தின் இணையதளத்தில் ஒவ்வொருத்தியும் தன்னைப் பதிந்திருக்க வேண்டும். முகத்தின் படம், அடையாள அட்டையின் இரண்டு பக்கம், வீட்டு முகவரி, தன் எண், அம்மாவின் எண், பள்ளி விடும் நேரம், ஏறும் பஸ் நிறுத்தம் எல்லாம் கேட்டது அந்தத் தளம். இவ்வளவும் தெரியாமல் எப்படி வழிகாட்டுவது?

நில்சாவுக்குக் கிடைத்தவர்கள் இரண்டு பேர். இருவரும் கப்பியாத்தா, பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஹஸ்மின் ஒவேலார் ஒல்லியாக, கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள் மாதிரி இருந்தாள். மிலாக்ரோஸை எல்லோரும் மிலி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு இடுப்பைத் தொடும் கூந்தல், சட்டென்று வரும் சிரிப்பு. சுடர் ஒப்படைப்பு முடிந்ததும் மூவரும் பின்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஒரே குவளையில் ஐஸ் போட்ட மூலிகைத் தண்ணீரை மாற்றி மாற்றி உறிஞ்சினார்கள்.

"டீச்சர், நீங்க நெஜமாவே திருடனைப் பிடிப்பீங்களா?" என்றாள் ஹஸ்மின்.

"பிடிக்கறது போலீஸ். எந்த ஜன்னல் வழியா வந்தான்னு சொல்றது நான்."

"நம்ம போலீஸ் பிடிச்சிடுவாங்களா?" என்று மிலி சிரித்தாள்.

"அதனாலதான் ஜன்னலை நானே சாத்திட்டு வந்துடறது."

நில்சா தன் மடிக்கணினியைத் திறந்து மடியில் வைத்துக் காட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் மற்ற வழிகாட்டிகளின் பெண்களும் ஒவ்வொருவராக நழுவி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். முற்றத்தில் அரைமணி நேரம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மையைக் கேட்டுத்தான் வில்ஃப்ரிதோ ஓடி வந்தார்.

"மேடம், என்ன காரியம் பண்றீங்க? இது அங்கீகாரம் இல்லாத அறிவுப் பரிமாற்றம்!"

எச்சரிக்கை ஓலை வந்தது. அதற்குப் பிறகு நில்சா மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு, முற்றத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் கதவும் பூட்டும் சாவியும் வரைந்து சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலம் வில்ஃப்ரிதோ ஆள் வைத்து அதைக் கழுவிவிடுவார். அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடி வரைவாள்.

குளிர்காலம் பாதி போனபோது ஒரு சனிக்கிழமை ஹஸ்மின் தனியாக வந்தாள்.

"மிலி எங்க?"

"அவங்கம்மா வெளியவே விடறதில்ல டீச்சர்." ஹஸ்மின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எவனோ ஒருத்தன் மெசேஜ் அனுப்பறான். அவளோட அடையாள அட்டைப் படத்தை அவளுக்கே அனுப்பி, 'இதுல நீ சிரிக்கவே இல்லையே, எனக்காக ஒரே ஒரு தடவை சிரி'ன்னு எழுதறான். எண்ணைத் தடுத்தா வேற எண்ணுல வர்றான். திங்கக்கிழமை பஸ் ஸ்டாப்புல பைக்ல உட்கார்ந்துக்கிட்டு முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கான்."

"அந்தப் படத்தை வேற யாருக்குக் குடுத்தா?"

"யாருக்கும் இல்ல டீச்சர். இங்க மட்டுந்தான்."

ஹஸ்மின் தன் கைபேசியை எடுத்தாள். இயக்ககத்தின் தளத்தில் அவளுடைய பக்கம் திறந்திருந்தது. மேலே இணைய முகவரியின் கடைசியில் ஓர் எண். அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டித் தட்டினாள். மிலியின் முகம் வந்தது. இன்னொன்றைக் கூட்டினாள். லூக்கேயிலிருந்து வரும் ஒரு பெண். இன்னொன்று. முகம், வீடு, அம்மாவின் எண், பஸ் நிறுத்தம். இன்னொன்று.

"கடவுச்சொல்லே கேட்கலையா?"

"கேட்கல டீச்சர். நான் பயந்து பயந்துதான் பார்த்தேன். இதுக்குப் பயப்படவே வேண்டியதில்லை போல."

நில்சா தன் வேலையில் பெரிய பெரிய திருட்டுகளைப் பார்த்திருக்கிறாள். அதிலெல்லாம் திருடனாவது கொஞ்சம் மெனக்கெட்டிருப்பான். இங்கே நாட்டின் பெண்பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கதவையும் திறந்து போட்டிருந்தார்கள்.

ஹஸ்மினையும் கூட்டிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, இந்தத் தளத்தை இப்பவே மூடணும்."

கைபேசியை வாங்கிப் பார்த்தார் டாக்டரம்மா. முகம் மலர்ந்தது. "அட, இந்தப் பொண்ணு படத்துல எவ்வளவு லட்சணமா இருக்கா! யாரு இவ?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியாது இல்லையா? ஆனா அவ வீடு எங்கன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். இதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். அதான் ஆபத்து."

"யார் வேணும்னாலும் பார்க்கலாம்னா அதுக்குப் பேரு வெளிப்படைத்தன்மை. போன வருஷம் விருது வாங்கினதே அதுக்குத்தான்."

"இந்த எண்ணை மாத்தினா அடுத்த பொண்ணு வர்றா டாக்டரம்மா!"

"அப்ப எண்ணை ஏன் மாத்தறீங்க?"

தளத்தை உருவாக்கியவன் வரவழைக்கப்பட்டான். டாக்டரம்மாவின் அண்ணன் மகன். எல்லோரும் ஜூனியர் என்பார்கள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது ஓட்டை இல்ல, வசதி. ஒவ்வொருத்தியாத் தேடாம வரிசையாப் பார்த்துக்கலாம்னு நான்தான் வச்சேன்" என்றான்.

"ரெண்டு நாள் மூடி வைங்க. நானே சரி பண்ணித் தர்றேன். பைசா வேணாம்" என்றாள் நில்சா.

"மூடறதா? ஆண்டு விழாவுக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கம்மா."

"ஒரு பொண்ணு பஸ் ஸ்டாப்புக்குப் போக முடியாம வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கா!"

டாக்டரம்மாவின் கண்கள் கலங்கின. உண்மையாகவே கலங்கின. "பாவம்" என்றார். "வில்ஃப்ரிதோ, அந்தக் குழந்தைக்கு இன்னொரு மெழுகுவத்தி அனுப்புங்க."

ஆனாலும் இயக்ககம் சும்மா இருந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. குழு கூடியது. தளத்தின் முகப்பில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு ஏறியது: 'தயவுசெய்து எண்ணை மாற்றாதீர்கள்.' அதுவரை அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்தது. கணினி அறை வாசலில் ஒரு காவலர் நிறுத்தப்பட்டார். இணையப் பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டதாகப் பத்திரிகைக்குச் செய்தி போயிற்று. கடைசியாக, எண்ணை முதன்முதலில் மாற்றியது யார் என்ற கேள்வியைக் குழு எடுத்துக்கொண்டது. அதற்குப் பதில் சுலபமாகக் கிடைத்தது. ஹஸ்மினே வந்து சொல்லியிருந்தாளே.

விசாரணை பெரிய கூடத்தில் நடந்தது. மேசைமேல் தேசியக் கொடி, கொடிமேல் ஹஸ்மினின் மெழுகுவத்தி. வில்ஃப்ரிதோ எழுந்து நின்று குற்றங்களை வாசித்தார். "அடுத்தவர் பக்கத்தைப் பார்த்தது. பார்த்ததை வெளியில் சொன்னது. சொன்னதை நிரூபித்தது."

மூன்றாவதுதான் மிகவும் கடுமையானது என்று அவர் குரலிலேயே தெரிந்தது.

ஹஸ்மினின் அம்மா ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து, சீருடையோடு வந்திருந்தாள். "என் பொண்ணு எதையும் எடுக்கலையே அம்மா. கதவு திறந்து கிடக்குன்னு வந்து சொன்னா. என் வீட்டுக் கதவா இருந்தா நான் அவளை உட்கார வச்சுச் சோறு போட்டிருப்பேன்."

டாக்டரம்மா பரிவோடு முன்னால் சாய்ந்தார். "அம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்க பொண்ணு வந்து சொல்ற வரைக்கும் கதவு திறந்திருக்கிறது எங்களுக்குத் தெரியாது. அது வரைக்கும் நாங்க நிம்மதியா, பாதுகாப்பா இருந்தோம். அப்ப எங்க பாதுகாப்பைக் கெடுத்தது யாரு? நீங்களே சொல்லுங்க."

தண்டனை: ஹஸ்மினின் சுடரை அவளுடைய வழிகாட்டியே ஊதி அணைக்க வேண்டும்.

மெழுகுவத்தியை நில்சாவின் முன் நகர்த்தினார்கள்.

"ஊத மாட்டேன்" என்றாள் நில்சா.

"ஊதுங்க மேடம். ரொம்பச் சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா நீங்களே ஊதுங்க. இந்தப் பொண்ணு உங்க எல்லாரையும் விட நல்லா வேலை பார்த்திருக்கா. அவளை வெளியே தள்ற வேலைக்கு என் வாயைக் கேட்காதீங்க!"

வில்ஃப்ரிதோ விதிமுறைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வழிகாட்டி ஊத மறுத்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. திருத்தம் கொண்டுவரலாமா என்று விவாதம் நீண்டது. மெழுகு உருகிக் கொடியில் சொட்டியது. கடைசியில் விவாதத்தின் சூட்டில் யாரோ புழுக்கம் என்று மின்விசிறியைப் போட, சுடர் தானாக அணைந்தது. 'தண்டனை நிறைவேறியது' என்று பதிவு செய்துகொண்டு எல்லோரும் எழுந்தார்கள்.

வெளியே நடைபாதையில் ஹஸ்மின் அழவில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே எது தெரிஞ்சாலும் வாயே திறக்க மாட்டேன் டீச்சர்."

இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மாணவிக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான். நில்சாவுக்குத் தன் பழைய வகுப்பு ஞாபகம் வந்தது. காபியை வைத்துவிட்டுப் போகச் சொன்ன வாத்தியார் எவ்வளவோ மேல். அவர் வாசலில்தான் நிறுத்தினார். இவர்கள் மாலை போட்டு உள்ளே அழைத்து வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்.

போலீசுக்குப் போனாள். "அரசாங்கத் தளத்துல இருக்கறதை ஒருத்தன் பார்த்தா அது எப்படிங்க குற்றமாகும்?" என்றார்கள். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனாள். பாதிக்கப்பட்ட நிறுவனம்தான் புகார் தர வேண்டுமாம். தான் பாதிக்கப்பட்டதாக அந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆண்டு விழா வந்தது. காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டிய வெளிநாட்டு விருந்தினர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மந்திரிகூட வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்கத் திரை. 'தேசத்தின் மகள்கள்' என்ற தலைப்பின் கீழே ஜூனியர் தன் தளத்தை ஓடவிட்டிருந்தான். வரிசையாகப் பார்க்கும் அந்த வசதி வேலை செய்தது. ஒவ்வொரு முகமாக வந்து வந்து போயிற்று. சுவர் உயரத்துக்கு மிலியின் முகம் வந்தது. சிரிக்காத முகம். முன்வரிசையில் ஒருவர் அதைக் கைபேசியில் படம் எடுத்தார்.

நில்சா எழுந்தாள். ஊதாப் பட்டையைச் சரிசெய்துகொண்டு பின்பக்கம் நடந்தாள். தளத்தை ஓட்டும் இயந்திரம் கணினி அறைக்குள் ஒரு மூலையில்தான் இருந்தது. வாசலில் காவலர் வழிமறித்தார்.

"யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"நான் வழிகாட்டிங்க."

காவலர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "வழிகாட்டியா? அப்ப போங்க. உங்களாலதான் எதையும் தொடவே முடியாதே."

உள்ளே போய் மின்கம்பியைப் பிடுங்கினாள். இயந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கியது. மற்ற முனையையும் கழற்றி, கம்பியைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அரங்கத்தில் திரை கறுத்துப் போயிருந்தது. டாக்டரம்மா ஒலிவாங்கியை இறுகப் பிடித்தார். "நண்பர்களே! நீங்க இப்ப பார்த்தது ஒரு ஒத்திகை. தாக்குதல் நடந்தா நாங்க எவ்வளவு வேகமா எல்லாத்தையும் முடக்குவோம்னு காட்டினோம்!"

வில்ஃப்ரிதோ சைகை செய்தார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. வெளிநாட்டு விருந்தினர்கள், தங்கள் நாடுகளில் இதற்கு இன்னும் நேரம் பிடிப்பதாகக் குறித்துக்கொண்டார்கள்.

விருந்தினர்கள் விமானம் ஏறிய பிறகு நில்சாமேல் புகார் போயிற்று: 'கையால் நடத்தப்பட்ட இணையத் தாக்குதல்.' அவளுடைய பட்டை பறிக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கத்துக்கும் கடிதம் போனது. அங்கே மேலாளர் அதைப் படித்துவிட்டு, "இவங்ககிட்ட நம்ம ஆளுங்க யாரோட விவரமாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இயந்திரத்துக்குப் புதுக் கம்பி வாங்க டெண்டர் விட்டார்கள். நெறிமுறைப்படி அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பெண்களை அந்த அலுவலகம் உருப்படியாகப் பாதுகாத்தது அந்த மாதங்களில்தான்.

பைக்கில் வந்தவனை மிலியின் அம்மாவும் தெருப் பெண்களும் பஸ் நிறுத்தத்தில் வளைத்துப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். "அரசாங்கம் போட்டிருந்துச்சு, பார்த்தேன்" என்றான் அவன். இரண்டு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். குற்றவாளியைப் பிடித்ததற்காக இயக்ககம் தன்னைத் தானே பாராட்டி அறிக்கை விட்டது. அடுத்த பருவத்தில் ஒரு பெண்கூடச் சேரவில்லை. வழிகாட்டிகள் ஒருவருக்கொருவர் சுடரை ஒப்படைத்துக்கொண்டார்கள். 'இந்தப் பருவத்தில் மாணவிகளிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை' என்றது ஆண்டறிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நில்சா ஹஸ்மினையும் கூட்டிக்கொண்டு மிலியின் வீட்டுக்குப் போனாள். கதவுச் சங்கிலியை எடுக்காமலே மிலியின் அம்மா எட்டிப் பார்த்தாள். ஹஸ்மினின் குரலைக் கேட்ட பிறகுதான் திறந்தாள்.

மிலி கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தாள். அடையாளம் தெரியக் கூடாதாம்.

"டீச்சர், அவன் ஒருத்தன்தான் பார்த்தானா?"

யார் எந்த வழியாக வந்தார்கள் என்று சொல்வதே நில்சாவின் தொழில். ஆனால் வந்து போனவர்களின் தடத்தை ஜூனியரின் தளம் சேர்த்து வைக்கவே இல்லை. இடத்தை அடைக்கிறது என்று அவன் நிறுத்தி வைத்திருந்தான்.

"தெரியல மிலி. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

மிலி தலையசைத்தாள். அழவில்லை. வெட்டிய முடியைக் கையால் கோதிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆபீஸ் மேல கேஸ் போட முடியுமா?"

"ஒரு வக்கீலம்மா தயாரா இருக்காங்க. ஆனா பாதிக்கப்பட்ட ஒரு பொண்ணு பேர்லதான் போடணும். பேர் வெளிய வரும். பேப்பர்ல போடுவாங்க. அதனாலதான் நான் யார்கிட்டயும் கேட்கல. உன்கிட்டயும் கேட்க வரல. பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அம்மா பதறிப்போய், "வேணாம்டி, விட்டுத் தொலை" என்றாள்.

மிலி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஹஸ்மினை. கடைசியாக நில்சாவை.

"என் பேரு, மூஞ்சி, வீடு, நான் பஸ் ஏறுற இடம், எல்லாந்தான் ஊர் பூரா சுத்திக்கிட்டு இருக்கே. இன்னும் வெளிய வர என்ன பாக்கி இருக்கு? அவங்க பேரு மட்டுந்தான் வெளிய வரல. என் பேர்லயே போடுங்க டீச்சர்."